கடற்கரைத் தெருவில் கடல் இல்லை

அக்கா பெர்த்துக்குப் போய் முப்பது வருடமாகிறது. அடுத்த ஆண்டு ஓய்வு. அதற்குள் பினாங்கில் ஒரு வீடு வாங்கிவிட வேண்டும் என்று நிற்கிறார். சுங்கை சிப்புட்டில் வளர்ந்த எங்களுக்குப் பினாங்கு என்றாலே தைப்பூசம்தான். அப்பாவின் தோள், உடைந்த தேங்காய்களின் ஈரம், காலில் ஒட்டிய தார். ஆண்டுக்கு இரண்டு நாள் பார்த்த ஊரில் மிச்ச ஆயுளைக் கழிக்க அக்காவுக்கு ஆசை.

ஆசைப்பட்டவர் சும்மா இருக்கவில்லை. ஆறு மாதமாக இரவுச் சாப்பாடு முடிந்ததும் கணினியைத் திறந்து பினாங்குத் தெருக்களில் உலாவுகிறார். வரைபடத்தில் ஒவ்வொரு முனையிலும் நின்று நாலு பக்கமும் திரும்பிப் பார்க்கிறார். எந்தத் தாமானில் எந்த வீட்டுக் கேட் பச்சை என்பதுவரை தெரியும். ஏழு வட்டாரங்கள், பதினான்கு கட்டங்கள் என்று ஒரு அட்டவணையும் போட்டுவிட்டார்: விலை, மருத்துவமனைக்கு எத்தனை நிமிடம், சந்தைக்கு, கோயிலுக்கு, தரை மட்டம், சரிவு, பேருந்து எண்.

"தம்பி, நீ ஈப்போவுலதானே இருக்க. ஒரு நாலு நாள் போய்ப் பார்த்துட்டு வந்துடு. மத்ததெல்லாம் நான் பார்த்துட்டேன்" என்றார்.

அட்டவணையை அச்செடுத்துப் பையில் வைத்துக்கொண்டு ரயில் ஏறினேன். பட்டர்வொர்த்துக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம். நிலையத்தை ஒட்டியே படகுத்துறை. தீவுக்குப் பாலத்திலும் போகலாம். முதல் பாலம் 1985-லும் இரண்டாவது 2014-லும் திறந்தவை. ஆனால் அக்கா படகில்தான் போக வேண்டும் என்று சொல்லியிருந்தார். மஞ்சளும் நீலமுமாய்க் காரையும் மனிதரையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு ஆடி ஆடிப் போன அந்தப் பழைய படகுகள் அவர் நினைவில் இருந்தன. அவை 2020 கடைசி நாளோடு நின்றுவிட்டன. இப்போது இருப்பது குளிரூட்டிய புதுப் படகு. அக்காவின் பினாங்கில் முதல் திருத்தத்தை அங்கேயே போட்டேன்.

இறங்குமிடம் பெங்காலான் வெல்ட். அங்கிருந்து ஊருக்குள் நடந்தால் லெபோ பந்தாய். பந்தாய் என்றால் கடற்கரை. ஆங்கிலேயர் வைத்த பீச் ஸ்ட்ரீட் என்ற பெயருக்கும் அதே பொருள். தெரு நெடுக வங்கிக் கட்டடங்கள், கடலைத்தான் காணோம். 1786-ல் பிரான்சிஸ் லைட் வந்து இறங்கி ஊரை வகுத்தபோது கரை இங்கேதான் இருந்தது. 1880களில் கடலைத் தூர்த்து பெங்காலான் வெல்ட்டைப் போட்டார்கள். கடல் நகர்ந்துவிட்டது, பெயர் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது. அட்டவணையின் எட்டாவது கட்டம் 'கடலிலிருந்து தூரம்'. அதன் மேல் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டேன்.

*

முதல் வட்டாரம் உள்நகரம். லெபோ பாசார், லெபோ பினாங்கு, லெபோ குயீன். தமிழர் வாயில் லெபோ பாசாருக்குக் கடைத்தெரு என்று பெயர். மல்லிகையும் சாம்பிராணியும் வெங்காய மூட்டையும் கலந்த வாசம் வந்தால் போதும், பெயர்ப்பலகை வேண்டாம்.

தூரத்திலிருந்து இந்த ஊரை விசாரித்தவர்கள் அக்காவுக்கு முன்பே இருந்திருக்கிறார்கள். நாகூரிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் கப்பல் ஏறிய மரக்காயர்கள், காரைக்குடிப் பக்கத்துச் செட்டியார்கள். லெபோ பினாங்கில் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்தன. நீண்ட கூடம், ஆளுக்கொரு மரப்பெட்டி, ஒரு சாய்வு மேசை. பகலில் அதுவே கடை, இரவில் அதுவே படுக்கை. முதலாளி ஊரிலேயே இருப்பார், ஏஜெண்டு மூன்று ஆண்டுத் தவணைக்கு இங்கே வருவார். எந்தத் தெருவில் யார் கடன் திருப்புவார், எந்தக் கட்டடத்தை நம்பிப் பணம் கொடுக்கலாம் என்பதெல்லாம் கடிதத்தில் போகும். தவணை முடிந்து ஊருக்குப் போகிறவர் அடுத்து வருகிறவருக்குக் கைமாற்றிவிட்டுப் போவார். வரைபடம் இல்லாத விசாரணை. தகவல் பொய்த்தால் சொன்னவர் அதே ஊருக்கு, அதே உறவுக்காரர் முகத்தில்தான் போய் விழிக்க வேண்டும். அக்காவுக்குப் படம் அனுப்புகிற வீட்டுத் தரகருக்கு அந்தச் சங்கடம் கிடையாது.

நடந்து போகிற தூரத்துக்குள் 1801-ல் தமிழ் முஸ்லிம்களின் தலைவர் காதர் மொகிதீன் எழுப்பிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். லெபோ குயீனில் 1833-ல் கட்டிய மகா மாரியம்மன் கோயில். சூலியா தெருவில் நாகூர் தர்கா. அட்டவணைப்படி முழு மதிப்பெண். சந்தை நாலு நிமிடம், கோயில் இரண்டு நிமிடம்.

இரவு ஒன்பது மணிக்குத் திரும்பவும் போனேன். கடைத்தெருவின் சத்தம் அடங்கியிருந்தது. பக்கத்துச் சந்தில் கடைவீடுகளின் முன்னால் ஓடும் ஐந்தடி நடையில் நின்று மாடி ஜன்னல்களை அண்ணாந்து பார்த்தேன். அந்த வரிசை முழுவதிலும் வெளிச்சம் மூன்றே ஜன்னல்களில். அதில் இரண்டு தங்கும் விடுதி.

காரணம் ஊருக்கே தெரிந்த கதை. 1966-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இந்த வீடுகளின் வாடகையைக் கட்டிப் போட்டிருந்தது. தையற்காரர், தட்டார், பூக்கட்டுகிறவர் எனப் பலரும் தலைமுறையாக இங்கே குடியிருக்க முடிந்தது அதனால்தான். 1997-ல் சட்டத்தை ரத்து செய்தார்கள், 2000 ஜனவரி முதல் நாள் கட்டு அவிழ்ந்தது. வாடகை ஏறியது, குடியிருந்தவர்கள் மூட்டை கட்டினார்கள். 2008 ஜூலையில் யுனெஸ்கோ பாரம்பரிய நகரப் பட்டம் வந்தபோது சுவர்கள் தப்பித்துவிட்டன. உள்ளே இருந்தவர்களில் பலர் ஏற்கெனவே போய்விட்டிருந்தார்கள். அக்காவின் பதினான்கு கட்டங்களில் 'பக்கத்து வீட்டில் யார்' என்ற கட்டம் இல்லை.

*

மறுநாள் ஜாலான் பி. ரம்லி. 1929-ல் நடிகர், பாடகர் பி. ரம்லி பிறந்த வீடு இந்தத் தெருவில் இருக்கிறது, இப்போது நினைவகம். அக்காவுக்கு இந்தப் பக்கம் ஒரு தரைவீடு மிகவும் பிடித்திருந்தது. விலை மலிவு, மருத்துவமனை பக்கம். வீட்டின் பத்துப் படங்களையும் நான் பார்த்திருந்தேன்: வெள்ளைச் சுவர், பளபளக்கும் தரை.

வீடு பூட்டியிருந்தது. எதிர்ப்புறக் கடையில் தேத்தண்ணி சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். நாற்காலியில் அமர்ந்தவன் கைப்பேசிக்கு மின்சாரம் போட இடம் தேடினால் சுவரில் எங்கும் பிளக் இல்லை. அண்ணாந்தால் என் தலைக்கு மேலே இருந்தது. குளிர்ப்பெட்டி நாலு அடுக்குச் செங்கல்லின் மேல் நின்றது. வாசற்படியில் முழங்கால் உயரத்துக்குச் சிமெண்டுத் தடுப்பு. அதைத் தாண்டித்தான் உள்ளே வந்திருந்தேன், அப்போது உறைக்கவில்லை.

"தண்ணி ஏறுங்களாம்மா?" என்று கடைக்கார அம்மாவைக் கேட்டேன்.

"மழையோட கடல் ஏத்தமும் சேர்ந்துட்டா ஏறும். தனித்தனியா வந்தா ஒண்ணும் இல்ல" என்றார், பால் டப்பாவைத் திறந்துகொண்டே. "2017-ல இங்க வரைக்கும்" என்று மேசையில் கையை வைத்துக் காட்டினார். அந்த நவம்பர் 4-ம் தேதி இரவு தொடங்கிய மழையில் தீவும் கரைப்பகுதியும் மூழ்கியதைத் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறேன். மேசையில் வைத்த கையைப் பார்ப்பது வேறு.

சுங்கை பினாங்கு ஆற்றின் தாழ்ந்த படுகை இது. கடல் ஏறி நிற்கும் நேரத்தில் மலையிலிருந்து வரும் தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை. தரை மட்டத்தை வரைபடத்தில் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். அக்காவும் குறித்துத்தான் வைத்திருந்தார். ஆனால் இரண்டும் சேர்ந்து வரும் அந்த ஒரு வேளை வரைபடத்தில் இல்லை. அங்கே எப்போதும் பகல் பன்னிரண்டு மணி, எப்போதும் வானம் வெளுத்துக் கிடக்கும்.

எதிர்வீட்டுப் பளபளக்கும் தரை ஏன் அவ்வளவு புதிதாக இருந்தது என்பதும் அப்போதுதான் புரிந்தது.

*

பணக்காரப் பக்கம் பார்ப்போம் என்று வடக்கே போனேன். கொம்தார் கோபுரத்தடியில் 101 எண் பேருந்து. கர்னி டிரைவ், தஞ்சோங் தோக்கோங், தஞ்சோங் பூங்கா, பத்து பெரிங்கி என்று கரையோரமாகவே ஓடும். கர்னியில் கடலைப் பார்த்து நிற்கும் அடுக்கு மாடிகள். வாங்கியவர்கள் அலைக்காகக் காசு கொடுத்தவர்கள். இப்போது முன்னால் கடலைத் தூர்த்து மண் போட்டுப் பூங்கா எழுப்பியிருக்கிறார்கள். அதற்கு அப்பால் மணலால் ஆன புதிய தீவு ஒன்று எழுந்து நிற்கிறது. மோசம் என்று சொல்ல மாட்டேன். மாலையில் குழந்தைகள் ஓடுகிறார்கள், காற்று வருகிறது. ஆனால் லெபோ பந்தாய்க்கு 1880களில் நடந்ததுதான் கர்னிக்கும் நடக்கிறது. இந்த ஊரில் கடலைப் பார்த்து வீடு வாங்குகிறவர் அது ஓடிப் போகும் என்பதையும் சேர்த்துத்தான் வாங்க வேண்டும்.

தஞ்சோங் பூங்காவில் கவலை மறுபக்கம், மலையில். தீவின் நடுவே முதுகெலும்பு போல மலை. வீடு கட்டச் சமதரை மிஞ்சியது ஓரங்களில் மட்டும். மாநிலத் திட்டப்படி கடல் மட்டத்துக்கு மேல் 76 மீட்டருக்கு உயர்ந்த நிலமும், 25 பாகைக்கு மேல் சரிந்த நிலமும் மலைநிலம், அங்கே கட்டக்கூடாது. 'சிறப்புத் திட்டம்' என்று ஒரு விலக்கும் உண்டு. 2017 அக்டோபர் 21-ம் தேதி காலை தஞ்சோங் பூங்காவில் ஒரு கட்டுமானத் தளத்தில் சரிவு இடிந்து பதினொரு தொழிலாளர்கள் மண்ணுக்குள் போனார்கள். அது மனிதத் தவறு, தடுத்திருக்கலாம் என்றது மாநில அரசு அமைத்த விசாரணைக் குழு.

அக்காவின் பட்டியலில் இருந்த கொண்டோவின் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். மலையைத் தாங்கிப் பிடிக்கும் பெரிய சுவர். அதில் வரிசையாக நீர் வடியும் துளைகள். பழைய கட்டடத்தில் வேலை பார்த்த மேஸ்திரி ஒருவர் ஈப்போவில் எனக்குச் சொல்லிக் கொடுத்தது இது: துளை சொட்டினால் பயப்படாதே, சொட்டாவிட்டால் பயப்படு. முந்திய இரவு மழை. மேல் வரிசை சொட்டிக்கொண்டிருந்தது. கீழ் வரிசையில் நாலைந்து துளைகளை யாரோ அழகுக்காகப் பூசி வெள்ளையடித்திருந்தார்கள்.

லிஃப்டு வாசலில் அறிவிப்புப் பலகை. பராமரிப்புக் கட்டணம் பாக்கி வைத்த வீடுகளின் எண்கள். ஒரு தாளில் அடங்காமல் இரண்டாவது தாளை ஒட்டியிருந்தார்கள். மலேசியாவில் அடுக்கு வீட்டுக்காரர் கட்டணத்தோடு அதில் பத்தில் ஒரு பங்கைச் சேமநிதிக்கும் கட்ட வேண்டும். லிஃப்டு மாற்றுவதும் கூரை பூசுவதும் அந்தப் பணத்தில். பாதிப் பேர் கட்டாத கட்டடத்தில் மீதிப் பேர் படியேற வேண்டியதுதான். நீச்சல் குளத்தின் படம் அக்காவிடம் ஆறு இருந்தது. இந்தப் பலகையின் படம் ஒன்றை அனுப்பினேன். பதில் வரவில்லை; அட்டவணையில் அந்த வரி மட்டும் அன்றிரவே சிவப்பானது.

ஆயர் ஈத்தாமுக்கு ஒரு மதியம் போனேன். கெக் லோக் சி கோயிலும் சந்தை லக்சாவும் குளிர்ந்த காற்றும் குறையில்லை. அங்கிருந்து திரும்ப எனக்கு ஆன நேரத்தில் ஈப்போவே போயிருக்கலாம் என்று தோன்றியது.

*

மூன்றாம் நாள் குளுகோர். பாலத்தின் வாயில், பல்கலைக்கழகம் பக்கம், எல்லாக் கட்டத்திலும் பச்சை. அக்கா முதலிடம் கொடுத்திருந்த வட்டாரம். அவர் குறித்த கட்டடத்தைப் பார்த்துவிட்டு, அவர் குறிக்காத ஓர் இடத்தைத் தேடி நடந்தேன்.

கம்போங் புவா பாலா. புவா பாலா என்றால் ஜாதிக்காய். பிரவுன் குடும்பத்தாரின் தோட்டத்தில் வேலை செய்த தமிழர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இருந்த கம்பம். மாடு வளர்த்தார்கள், பால் கறந்து விற்றார்கள், பொங்கலுக்கு ஊரே அங்கே போகும். மாடுகளைப் பார்த்து, தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் பெயரால் அதை 'ஹை சப்பரால்' என்று கூப்பிட்டவர்களும் உண்டு. எல்லாம் இருந்தது, பட்டா மட்டும் இல்லை. தற்காலிகக் குடியிருப்பு உரிமத்துக்குப் பணம் கட்டி வாழ்ந்தார்கள். நிலம் கைமாறியது. தோட்ட முதலாளி குடும்பம் இதைத் தொழிலாளர்களுக்காகவே விட்டுப்போனது என்று குடியிருந்தவர்கள் வழக்காடினார்கள். கூட்டரசு நீதிமன்றம்வரை போயும் நிற்கவில்லை. 2009 செப்டம்பரில் இடித்தார்கள்.

இப்போது அங்கே உயர்ந்த கட்டடங்கள். காவலாளி நேபாளத்துக்காரர். முன்பு இங்கே என்ன இருந்தது என்று கேட்டேன். "கார் நிறுத்தமா இருந்திருக்கும்" என்றார் மலாயில். அவர் மேல் பிழை இல்லை.

வெயிலில் நின்றபடி அக்காவை அழைத்தேன். "பட்டா விஷயம் எப்படிப் பார்த்தீங்க?"

"விளம்பரத்துல ஃப்ரீஹோல்டுன்னு போட்டிருக்கேடா."

"விளம்பரம் சொல்லக்கூடாதுக்கா. கெரான்தான், அந்தப் பட்டாப் பத்திரம்தான் சொல்லணும். வக்கீல் வச்சு நில அலுவலகத்துல தேடிப் பார்க்கச் சொல்லுங்க. 99 வருஷக் குத்தகையா இருந்தா அதுல எத்தனை போச்சுன்னு பாருங்க. மிச்சம் குறையக் குறைய வங்கி கடன் கொடுக்க யோசிக்கும், நாளைக்கு விக்கணும்னா மாநில அனுமதியும் வேணும்."

இதற்கு மட்டும் யாரும் விமானம் ஏற வேண்டியதில்லை. பெர்த்தில் இருந்தபடியே முடிக்கலாம். ஆறு மாதமாகக் கேட் நிறம் பார்த்தவர் அதைப் பார்க்கவில்லை. அவரைச் சொல்லி என்ன, நானே புவா பாலாவின் முன் வந்து நின்ற பிறகுதானே கேட்டேன்.

*

கடைசி நாள் காலை ஆறே முக்காலுக்குப் பாயான் பாரு. 1972-ல் பாயான் லெப்பாஸில் தொடங்கிய தொழிற்பேட்டையால் வளர்ந்த பகுதி. அந்த நேரத்தில் போனது நல்லதாயிற்று. இரவு முறை முடிந்தவர்களை இறக்கிக்கொண்டும் பகல் முறைக்காரர்களை ஏற்றிக்கொண்டும் தொழிற்சாலைப் பேருந்துகள் தெருவை அடைத்து நின்றன. மோட்டார் சைக்கிள்கள் கரைப்பகுதியிலிருந்து பாலத்தில் வந்து கொட்டின. பத்து மணிக்கு அதே தெருவில் பூனை குறுக்கே நடந்தது. அக்கா எழுதியிருந்தது: 'அமைதியான இடம்.' இரண்டு தெருவும் ஒரே தெருதான். எந்த மணிக்குப் பார்க்கிறோம் என்பதில் இருக்கிறது.

ரயிலுக்கு நேரம் இருந்ததால் தண்ணீர்மலைக்குப் போனேன். 513 படிகள், முழங்கால் ஒவ்வொன்றையும் எண்ணியது. மேலே பாலதண்டாயுதபாணி. கீழே தீவின் கிழக்குப் பாதி: ஊர், அதைத் தாண்டிக் கடல், கடலுக்குள் ஏறி நிற்கும் புது மண்.

தைப்பூசத்துக்கு முந்திய நாள், செட்டிப் பூசத்தன்று, லெபோ பினாங்கின் கோயில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் கிளம்பும். 1894-ல் காரைக்குடியில் செய்து கொண்டுவந்த ரதம். டத்தோ கெராமாட், ஜாலான் உத்தாமா வழியாக இந்த மலையடியிலிருக்கும் நகரத்தார் கோயிலுக்கு வந்து சேரும். 2017 முதல் தங்க ரதமும் ஓடுகிறது. அந்த நாட்களில் இந்தச் சாலைகளில் வீடு இருப்பவர் காரை வெளியே எடுக்க முடியாது. வாசலில் தேங்காய் மலை. ஒருவருக்கு அது வரம், இன்னொருவருக்கு அவஸ்தை. மேலிருந்து அந்தப் பாதையைக் கண்ணால் ஓட்டிப் பார்த்தேன். இந்த ஊரில் கடற்கரை இரண்டு முறை நகர்ந்திருக்கிறது, சாலைப் பெயர்கள் மொழி மாறியிருக்கின்றன, கம்பம் ஒன்று காணாமல் போயிருக்கிறது. அசையாது என்று நம்பிய மண்ணும் நீரும் அசைந்துவிட்டன. ஆண்டுக்கொரு முறை ஊர்ந்து போகும் ரதம் தன் போக்கை விடவில்லை.

படியில் உட்கார்ந்தே அக்காவுக்குச் சொன்னேன்: தண்ணீர் ஏறும் வேளை, பூசி மறைத்த துளை, பாக்கிப் பட்டியல், ஆறே முக்கால் மணிப் பேருந்து, கெரான். குறுக்கே பேசாமல் கேட்டார். அட்டவணையில் புதிதாக என்ன கட்டம் சேர்க்கப் போகிறார் என்று காத்திருந்தேன்.

"அங்க எப்படா மழை அதிகம்?"

"செப்டம்பர்ல ஆரம்பிச்சு நவம்பர் வரைக்கும்."

"அப்போ அக்டோபர்ல ஒரு மாசம் வாடகைக்கு வீடு பாரு. ஜாலான் பி. ரம்லியிலயே பாரு."

"தண்ணி ஏறுமேக்கா."

"ஏறட்டும். அந்தக் கடைக்கார அம்மாகிட்ட நானும் ஒரு தேத்தண்ணி குடிக்கணும்."